67.2 நானோ நொடி

‘இருக்கிறாயா?’ என்று இன்னொரு கணினியைக் கேட்கும் பிங் கொடுத்தால் பதில் வர ஒரு நொடி ஆனது. பேச்சுக்குச் சொல்லவில்லை, 1000, 1000, 1001 என்று மில்லி நொடிகள் திரையில் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. பதில் சொல்ல வேண்டிய கணினியோ அதே மேசையில், இரண்டு மீட்டர் கேபிளுக்கு அப்பால் இருந்தது. நடுவில் இருந்தது ஒரு பெட்டி. அதற்குள் ஓடியது நான் எழுதிய கர்னல் மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலோடு சேர்ந்து ஓடும் நிரல்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோளாறைப் பெரிதாக்கியதே நான்தான். முதலில் அது எப்போதாவதுதான் தலைகாட்டியது. ஆயிரக்கணக்கான பிங்கில் ஒன்று மட்டும் தாமதமாக வரும். பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்) எங்கே தேங்குகிறது என்று பார்ப்பதற்காக, ‘வேலை இல்லை, தூங்கப் போகிறேன்’ என்று கன்சோலில் அச்சிடும் ஒரு வரியை மாட்யூலில் சேர்த்தேன். சேர்த்த கணத்திலிருந்து எல்லா பிங்கும் தாமதமாகிவிட்டது. பேய் இருக்கிறதா என்று பார்க்க விளக்கை எடுத்துக்கொண்டு போனால், அந்த விளக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டு பேயே வழிகாட்டிய கதை.

இது நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போது நான் வேலை பார்த்த சிறிய நிறுவனம், நெட்வொர்க்கின் நடுவே வைக்கும் ஒரு கண்காணிப்புப் பெட்டியைத் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தது. இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்டுகள். ஒன்றில் நுழையும் பாக்கெட் மற்றதில் வெளியேற வேண்டும். போகிற போக்கில் எந்த இணைப்பில் எத்தனை பைட் என்று எண்ண வேண்டும், இணையப் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு எளிது. அதுவரை நான் சர்வர் நிரல் எழுதிக்கொண்டிருந்தவன். அந்த உலகத்தில் வேலை மலைபோல் குவிந்தால் ஒரே மருந்துதான்: வரிசையில் போடு, எடுத்துச் செய்ய நாலு த்ரெட், அதாவது தனித்தனியாக ஓடும் நாலு வேலையாள், வை. அந்த சர்வரோக நிவாரணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கர்னலுக்குள் நுழைந்தேன்.

நுழைவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டிருக்கலாம். கம்பியில் பாக்கெட்டைச் சுமக்கும் ஈதர்நெட் சட்டகத்தின் மிகச் சிறிய அளவு 64 பைட். அதற்கு முன்னால் 8 பைட் முன்னொட்டு, பின்னால் 12 பைட் இடைவெளி. கம்பியில் மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு ஆயிரம் கோடி பிட் போகும் கம்பியில் இப்படி 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட்டுகள் போகும். ஒன்றுக்கு 67.2 நானோ நொடி. ஒளி 20 மீட்டர் போவதற்குள் ஒரு பாக்கெட்டின் கதையை முடித்துவிட வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் என்றால் கையில் இருப்பது சுமார் 200 கடிகாரச் சுழற்சி.

எல்லாப் பாக்கெட்டும் 64 பைட்டாக வருவதில்லை என்பது உண்மைதான். 1518 பைட் சட்டகங்களாக வந்தால் நொடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான். ஒன்றுக்கு 1230 நானோ நொடி கிடைக்கும். ஆனால் இப்படிப்பட்ட பெட்டியை வாங்குகிறவர் முதலில் செய்வது 64 பைட் சோதனைதான். தாக்குதல் நடத்துகிறவரும் பெரிய பாக்கெட்டாக அனுப்பி நம்மீது கருணை காட்டப்போவதில்லை.

அந்த 67.2 நானோ நொடியில் என்னென்ன வாங்கலாம் என்ற விலைப்பட்டியலை 2015 ஜனவரியில் ஆக்லாந்தில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் ஜெஸ்பர் டாங்கார்ட் பிரவ்வர் போட்டுக் காட்டினார். அவர் அப்போது ரெட் ஹாட்டில் இருந்தார். பிராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷில் இல்லாத ஒரு தரவை முதன்மை நினைவகத்திலிருந்து எடுத்துவர 32 நானோ நொடி. ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டான ஸ்பின்லாக்கை, யாரும் போட்டிக்கு வராதபோது, பூட்டித் திறக்க 16. நிரல் கர்னலை அழைக்கும் சிஸ்டம் கால் ஒன்று சும்மா போய்த் திரும்ப சுமார் 42. இரண்டு முறை கேஷ் தவறினால் பணம் தீர்ந்தது. நான்கு முறை பூட்டித் திறந்தால், வேறு எதுவுமே செய்யாமல் தீர்ந்தது. இந்தப் பட்டியல் ஒன்றிரண்டு ஆண்டு முன்னதாக வந்திருந்தால் நான் எழுதிய முதல் வரியை எழுதியிருக்க மாட்டேன்.

முதல் வடிவம் இப்படி இருந்தது. பாக்கெட் வந்ததும் அதற்கென ஒரு வேலைச்சீட்டை நினைவகத்தில் ஒதுக்கு. பாக்கெட்டின் முகவரியை அதில் குறி. கர்னலின் வொர்க் க்யூவில் போடு. கர்னலின் பணியாள் த்ரெட் ஒன்று வந்து சீட்டை எடுத்துப் பார்த்து, எண்ணி, குறித்து, பாக்கெட்டை அடுத்த போர்ட்டுக்கு அனுப்பிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடும். பார்க்க அழகான நிரல். நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்த வொர்க் க்யூவுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. லினக்ஸ் 2.2, 2.4 காலத்தில் அதன் பெயர் டாஸ்க் க்யூ. வன்பொருள் ‘என்னைக் கவனி’ என்று மணியடிக்கும் இன்டரப்ட் நேரத்தில் செய்ய முடியாத வேலையை ஒரு பட்டியலில் தொங்கவிட்டு, பிறகு வசதிப்படும்போது கர்னல் அதை ஓட்டும். அதைத் தாங்கி நின்ற ‘பாட்டம் ஹாஃப்’ ஏற்பாட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: இயந்திரத்தில் எத்தனை பிராசசர் இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் அது ஓடும். நெட்வொர்க் அடுக்கு அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டு, இன்டரப்ட் விட்டுவைத்த வேலையை முடிக்கும் சாஃப்ட்ஐஆர்க்யூ என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. பிராசசரின் ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக ஓடலாம் என்று ஆனது. மீதி வேலைகளுக்காக 2002இல் இங்கோ மோல்னாரின் வொர்க் க்யூ வந்தது. 2010இல் தேஜுன் ஹியோ அதை அடியோடு மாற்றி எழுதினார். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் இன்றும் டாஸ்க் க்யூ என்ற பெயரே வாழ்கிறது. அங்கே இன்டெல் நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் டிரைவர்கள் நெடுநாள் அதை நம்பித்தான் ஓடின: இன்டரப்ட் வந்ததும் ‘வேலை இருக்கிறது’ என்று ஒரு சீட்டு மட்டும் எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும், பாக்கெட்டுகளை அள்ளுவது டாஸ்க் க்யூவின் த்ரெட். கவனியுங்கள், ஒரு அள்ளலுக்கு ஒரு சீட்டு. பாக்கெட்டுக்கு ஒரு சீட்டு அல்ல. நான் செய்தது இரண்டாவது.

சோதனையில் வேகத்தைக் கூட்டக் கூட்ட என்ன நடந்தது என்றால், வெளியே போகும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஓரளவு ஏறி, நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. உள்ளே அதிகம் வந்தால் வெளியே குறைவாகப் போகிறது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் நினைவகம் தீர்ந்து, பெட்டிக்குள் தொலைவிலிருந்து நுழைந்திருந்த என் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தது. காரணம் எளிது. வேலைச்சீட்டை எந்தக் கோரில் போடுகிறோமோ அதே கோரில்தான் பணியாள் த்ரெட் வழக்கமாக ஓடும். நான் வேலையைப் பகிர்ந்துகொடுத்ததாக நினைத்தேன். உண்மையில் அதே ஆளிடமே இன்னொரு பெயரில் கொடுத்திருந்தேன். பாக்கெட்டைப் பெறும் சாஃப்ட்ஐஆர்க்யூவுக்கு முன்னுரிமை அதிகம். அது பெற்றுக்கொண்டே இருந்தது. சீட்டை எடுத்துச் செய்ய வேண்டியவனுக்கு மிச்சம்மீதி நேரம்தான். இதற்கு நடுவே வரிசைக்கு எல்லையும் வைக்கவில்லை.

இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதும், அதற்கு மருந்து எழுதி நாளாகிவிட்டது என்பதும் பிறகுதான் தெரிந்தது. 1996இல் ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைப் பெறுதல் முடக்கம் என்ற பொருளில் ‘ரிசீவ் லைவ்லாக்’ என்று விவரிக்கிறார்கள். கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டு வரவேற்பவரே பந்தியிலும் பரிமாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் குறைவாக இருந்தால் சமாளித்துவிடுவார். விடாமல் ஆள் வந்துகொண்டே இருந்தால் அவர் கும்பிட்டுக்கொண்டே இருப்பார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பருக்கையைக் காணாமல் எழுந்து போவார்கள். ஆள் உழைத்து ஓய்ந்துபோவார், சாப்பிட்டவர் பூஜ்யம். கணினி உறங்கவில்லை, உறைந்தும் போகவில்லை. மும்முரமாக ஒன்றும் செய்யாமல் இருக்கிறது.

அவர்கள் சொன்ன மருந்தின் சாரம் இரண்டு. வரவேற்பைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பந்தியைக் கவனி. இடம் இல்லை என்றால் வாசலிலேயே சொல்லிவிடு. உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்த பிறகு திருப்பி அனுப்பாதே. எறியப்போகும் பாக்கெட்டை எவ்வளவு முன்னால் எறிகிறோமோ அவ்வளவு லாபம். பாக்கெட்டுகள் முதலில் வந்து இறங்கும் கார்டின் வளையத்தில் இடமில்லாமல் விழும் பாக்கெட்டுக்குப் பிராசசர் ஒரு சுழற்சிகூடச் செலவழிப்பதில்லை. என் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, கடைசியில் விழும் பாக்கெட்டோ மற்றவர்களின் சோற்றைத் தின்றுவிட்டு விழுகிறது.

லினக்ஸில் இந்த மருந்துக்குப் பெயர் நேப்பி. ஜமால் ஹாதி சலீம், உப்சாலா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்நெட்சோவ் மூவரும் 2001இல் இதை எழுதி வெளியிட்டார்கள். முதல் பாக்கெட் இன்டரப்ட் அடித்ததும் டிரைவர் அந்த மணியைக் கழற்றி வைத்துவிடும். பிறகு கர்னலே வந்து ஒரு பந்திக்கு 64 பாக்கெட் என்று அள்ளும். ஒரு சுற்றில் எல்லா வரிசைகளுக்கும் சேர்த்து 300 என்பது வழக்கமான வரம்பு. வளையம் காலியானால்தான் மணியை மறுபடி மாட்டும். கூட்டம் குறைவென்றால் மணி அடித்து வேலை. அதிகமென்றால் மணியே கிடையாது. இந்த ஏற்பாடு என் மாட்யூலுக்கு அடியில் ஏற்கெனவே அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் நான் ஒரு டாஸ்க் க்யூவைக் கட்டி, 1996க்கு முந்தைய நிலைக்குத் திரும்பக் கொண்டுபோயிருந்தேன்.

இரண்டாம் வடிவத்தில் சீட்டுகளை ஒழித்தேன். எனக்கென்று ஒரு கர்னல் த்ரெட், வேறு கோரில். நடுவில் பூட்டோடு ஒரு வரிசை, இந்த முறை எல்லையோடு. வந்த பாக்கெட்டை வரிசையில் சேர், த்ரெட்டை எழுப்பு. பிங் பேய் குடியேறியது இதில்தான்.

த்ரெட்டின் சுற்று இவ்வளவுதான்: வரிசையைப் பார், ஏதாவது இருந்தால் எடுத்துச் செய், காலி என்றால் ‘தூங்குகிறவன்’ என்று உன் நிலையை மாற்றிக்கொண்டு கோரை விட்டுக்கொடு. படிக்கும்போது குற்றம் தெரியாது. வரிசை காலி என்று பார்த்ததற்கும் நிலையை மாற்றியதற்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் ஒரு பாக்கெட் வந்து சேர்ந்து ‘எழுந்திரு’ என்று தட்டினால், த்ரெட் அப்போது விழித்துத்தான் இருக்கிறது, தட்டியது வீண். அடுத்த கணம் அது நிம்மதியாகத் தூங்கிவிடும். பாக்கெட் வரிசையில் தனியாக நிற்கும், இன்னொரு பாக்கெட் வந்து தட்டும்வரை.

சாதாரணமாக அந்தச் சந்து சில நானோ நொடி அகலம். அதனால்தான் ஆயிரக்கணக்கில் ஒன்று. நான் போட்ட அச்சு வரி சரியாக அந்தச் சந்தில் உட்கார்ந்திருந்தது. கன்சோல் ஒரு சீரியல் போர்ட், வேகம் 115200. நொடிக்கு 11,520 எழுத்துதான் போகும். நாற்பது எழுத்து வரி ஒன்றை அச்சிட மூன்றரை மில்லி நொடி. நானோவில் இருந்த சந்தை நான் மில்லியாக, கிட்டத்தட்ட நெடுஞ்சாலையாக, அகலப்படுத்திவிட்டேன். பிங்கின் கேள்வி போனது, த்ரெட் ‘தூங்கப் போகிறேன்’ என்று நிதானமாக அச்சிட்டுக்கொண்டிருந்தது, 0.2 மில்லி நொடியில் பதில் வந்து தட்டியது, வீண். ஒரு நொடி கழித்து பிங் அடுத்த கேள்வியை அனுப்பியது. அது தட்டியதில் த்ரெட் எழுந்து, பழைய பதிலையும் புதிய கேள்வியையும் சேர்த்து அனுப்பியது. 1000 மில்லி நொடி. ஒவ்வொரு முறையும்.

திருத்தம் இரண்டு வரிகளை இடம் மாற்றுவதுதான். முதலில் ‘தூங்குகிறவன்’ என்று நிலையை மாற்றிக்கொள். அதன் பிறகு வரிசையைப் பார். காலியாக இருந்தால் மட்டும் கோரை விட்டுக்கொடு. இப்போது நடுவில் யார் தட்டினாலும் நிலை ‘ஓடுகிறவன்’ என்று மாறிவிடும். தூங்கப் போனாலும், யார் எப்போது ஓடுவது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் தூங்க விடாது. கர்னல் ஆவணங்களில் இந்த வரிசைமுறை தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. மூன்று நாள் போனது.

பிழை தீர்ந்தது, வேகம் வரவில்லை. ஒரு த்ரெட் போதவில்லை என்று முடிவு செய்து எட்டு வைத்தேன். மூன்றாம் வடிவம். வருகிற பாக்கெட்டுகளைச் சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடுவதுபோல் எட்டு வரிசைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். பாக்கெட்டுகளின் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படாத யுடிபி சோதனையில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. அந்த மகிழ்ச்சியில் ஒரு பெரிய கோப்பைப் பெட்டி வழியாகப் பிரதியெடுத்துப் பார்த்தேன். எட்டு த்ரெட்டில் ஓடும் பெட்டி ஒற்றை த்ரெட் பெட்டியைவிட மெதுவாக நகர்ந்தது.

கோப்பு போனது டிசிபியில், அது பாக்கெட்டுகளை எண் வரிசைப்படி எதிர்பார்க்கும். ஒரே டிசிபி இணைப்பின் அடுத்தடுத்த பாக்கெட்டுகள் வெவ்வேறு த்ரெட்டுக்குப் போனால், முன்னால் வந்தது பின்னாலும் பின்னால் வந்தது முன்னாலும் வெளியேறும். வாங்குகிறவர் தனக்கு வரவேண்டிய எண் இன்னும் வரவில்லை என்று பழைய ஒப்புகையையே திரும்பத் திரும்ப அனுப்புவார். மூன்று முறை அப்படி வந்தால், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று அனுப்புகிறவர் முடிவுகட்டி, மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்வார். எதுவுமே தொலையவில்லை. என் எட்டுத் த்ரெட்டுகள் வரிசை மாற்றிக் கொடுத்ததைப் பார்த்து, வழியில் நெரிசல் என்று இரண்டு கணினிகளும் தப்பாகப் புரிந்துகொண்டு பணிவாக ஒதுங்கிக்கொண்டிருந்தன.

அந்த வாரம் குழுவின் மூத்தவர் ஒருவர் என் நிரலைப் பார்க்க உட்கார்ந்தார். த்ரெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாறியைச் சுட்டிக்காட்டி, “இதை யார் யார் தொடுகிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். மொத்தப் பாக்கெட் எண்ணிக்கை அது. எட்டுத் த்ரெட்டும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதில் ஒன்றைக் கூட்டும். அதற்குப் பூட்டு கிடையாது, நடுவே யாரும் புக முடியாத அணுச்செயலால்தான் கூட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். “பூட்டு இல்லை, சார், ஆனால் சாவிக்கொத்து ஒன்றுதானே?” என்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

பிராசசர் நினைவகத்தை 64 பைட் துண்டுகளாகத்தான் கேஷுக்குள் கொண்டுவரும். ஒரு துண்டில் எழுத வேண்டுமானால் அந்த நேரத்தில் அது ஒரு கோரின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். எட்டுக் கோர்களும் ஒரே எண்ணில் எழுதினால், அந்த 64 பைட் கோருக்குக் கோர் பறந்துகொண்டே இருக்கும். மற்ற ஏழும் காத்திருக்கும். இதைவிட மோசம், அதே 64 பைட்டுக்குள் பக்கத்தில் இருந்த, ஒருபோதும் மாறாத ஒரு அமைப்பு விவரமும் அதோடு சேர்ந்து பறந்தது. அதைப் படிக்க வந்த ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். ஒவ்வொரு கோருக்கும் தனி எண்ணியை வைத்து, யாராவது மொத்தம் கேட்கும்போது மட்டும் கூட்டிச் சொன்னேன். ஒரு த்ரெட்டைக்கூடச் சேர்க்காமல் அன்று கிடைத்த முன்னேற்றம், அதுவரை த்ரெட் சேர்த்துக் கிடைத்த எல்லாவற்றையும்விட அதிகம்.

நான்காம் வடிவத்தை எழுதியபோது கொஞ்சம் புத்தி வந்திருந்தது. முகவரி, போர்ட் எண்களைச் சேர்த்து ஒரு ஹாஷ், அதாவது அவற்றிலிருந்து கணக்கிட்ட ஓர் எண். ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் எப்போதும் ஒரே த்ரெட்டுக்கு. ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு கோரோடு கட்டிப்போடப்பட்டது. வரிசை காலியாக இருந்து நிரம்பும்போது மட்டும் தட்டி எழுப்புவது. த்ரெட் எழுந்ததும் பூட்டை ஒரே ஒரு முறை எடுத்து, வரிசை முழுவதையும் தன் பக்கம் உருவிக்கொண்டு, பூட்டை விட்டுவிட்டு, அதன் பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்வது. 16 நானோ நொடிப் பூட்டை 64 பேர் பங்குபோட்டுக்கொண்டால் தலைக்குக் கால் நானோ நொடி. பந்தி என்பதன் பொருளாதாரமே இதுதான்.

ஆர்வத்தோடு பாக்கெட் உற்பத்தியை முடுக்கினேன். ஏழு த்ரெட்டுகள் உறங்கின, ஒன்று மட்டும் நூறு சதவீதம். அரை நாள் ஹாஷைச் சந்தேகப்பட்டேன். ஹாஷ் சரியாகத்தான் இருந்தது. நான் பயன்படுத்திய பிகேடிஜென் என்ற பாக்கெட் உற்பத்திக் கருவி, ஒரே முகவரியிலிருந்து ஒரே போர்ட்டுக்கு, ஒரே பாக்கெட்டைக் கோடிக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தது. எத்தனை கோடியானாலும் அது ஒரே இணைப்பு. அனுப்பும் போர்ட் எண்ணை மாற்றி மாற்றி அனுப்பச் சொன்னதும் எட்டும் எழுந்தன. இந்தத் துறையில் பாதிக் கோளாறு சோதனை செய்யும் கருவியிடம்தான் இருக்கும் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் இன்னும் அதில் போதிய அளவு விழவில்லை.

நான் நாலாவது முயற்சியில் கண்டுபிடித்த இந்த வேலையை கர்னல் ஏற்கெனவே செய்துவைத்திருந்தது. கூகுளின் டாம் ஹெர்பர்ட் எழுதிய ஆர்பிஎஸ் 2010இலேயே லினக்ஸ் 2.6.35இல் சேர்ந்திருந்தது: அதே ஹாஷ், கோருக்கு ஒரு வரிசை, எல்லையும் உண்டு. அதற்கும் கீழே, கார்டிலேயே வன்பொருளாக இன்னொன்று இருந்தது. வருகிற பாக்கெட்டை ஹாஷ் செய்து தனித்தனி வளையங்களில் போட்டு, ஒவ்வொரு வளையத்துக்கும் தனி இன்டரப்ட் கொடுக்கும். அதன் சுருக்கப்பெயர் ஆர்எஸ்எஸ். அலுவலகத்தில் அதைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் நாங்கள் ‘கார்டு ஹாஷ்’ என்றே சொல்லிவந்தோம்.

கர்னல் காட்டும் இன்டரப்ட் பட்டியலை அன்றுதான் முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். கோருக்கு ஒரு பத்தி, வளையத்துக்கு ஒரு வரி. பூஜ்யமாவது கோரின் பத்தியில் மட்டும் எண்கள் கொழுத்துக் கிடந்தன. மற்ற பத்திகள் காய்ந்திருந்தன. கார்டு எட்டாகப் பிரித்துக் கொடுத்ததை எல்லாம் ஒரே கோர் வாங்கிக்கொண்டு, அதை என் நிரல் மறுபடி எட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இன்டரப்டையும் ஒரு கோரோடு கட்டினேன். ஐஆர்க்யூ பேலன்ஸ் என்ற சேவை பத்து நொடிக்கு ஒருமுறை வந்து நான் கட்டியதை அவிழ்த்துக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினேன். இன்னொரு புள்ளிவிவரக் கோப்பும் உண்டு, பெயர் சாஃப்ட்நெட். தலைப்பே இல்லாத பத்திகள், எல்லாம் பதினாறடிமான எண்கள். முதல் பத்தி கையாண்டது, இரண்டாவது எறிந்தது, மூன்றாவது ‘வேலை மிச்சமிருக்கிறது, ஆனால் என் பங்கு முடிந்துவிட்டது’ என்று கர்னல் கையை உதறிய எண்ணிக்கை. பூஜ்யமாவது கோரின் வரியில் ஓடிக்கொண்டே இருந்த மூன்றாம் பத்தி கிட்டத்தட்ட நின்றது.

ஐந்தாம் வடிவம் நான் எழுதியது அல்ல, அழித்தது. பாக்கெட் எந்தக் கோரில் வந்து இறங்கியதோ, அதன் தலைப்பு எந்தக் கோரின் கேஷில் சூடாக இருக்கிறதோ, அங்கேயே, நேப்பி அள்ளும் அந்தப் பந்தியிலேயே எண்ணி, அங்கிருந்தே வெளியே அனுப்பிவிட்டேன். த்ரெட் இல்லை, வரிசை இல்லை, பூட்டு இல்லை, தட்டி எழுப்புவது இல்லை. என் எண்ணும் வேலைக்குத் தலைக்குச் சில பத்து நானோ நொடிதான் ஆனது. அதைச் செய்ய இன்னொரு ஆளிடம் கொடுத்தனுப்பியதற்கு அதைவிடப் பல மடங்கு ஆகியிருந்தது: வரிசைக்கு ஒரு பூட்டு, தட்டி எழுப்ப ஒரு செலவு, அங்கே போய் கேஷில் இல்லாமல் மறுபடி எடுத்துவர ஒரு 32. இரண்டு ரூபாய்ச் சாமானுக்கு ஐந்து ரூபாய் ஆட்டோ. டிஎன்எஸ் பெயர்களைப் பிரித்து வட்டில் எழுதும் வேலை மட்டும் வொர்க் க்யூவிலேயே இருந்தது. அது மெதுவான வேலை, அவசரமில்லாத வேலை, தூங்க வேண்டியிருக்கிற வேலை. அதற்குத்தான் வொர்க் க்யூ. அதையும் கொத்துக் கொத்தாக அனுப்பினேன்.

த்ரெட்டே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. கைமாற்றும் செலவைவிட வேலை பெரிதாக இருந்தால் கைமாற்றத்தான் வேண்டும். 2020இல் லினக்ஸ் 5.6இல் சேர்ந்த வயர்கார்டு என்ற விபிஎன்னைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பாக்கெட்டையும் மறையாக்கம் செய்ய வேண்டும். அது கனமான வேலை. ஆகவே அது வொர்க் க்யூவை எல்லாக் கோர்களிலும் ஓடவிடுகிறது. ஆனால் ஒரு பாக்கெட் ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகளில் நிற்கிறது. ஒன்று பொது வரிசை. எந்தக் கோர் சும்மா இருக்கிறதோ அது எடுத்து மறையாக்கம் செய்யலாம். இன்னொன்று எதிர்முனைக்கு உரிய தனி வரிசை. வந்த ஒழுங்கு அதில் காக்கப்படுகிறது. மூன்றாமவர் முதலில் முடித்துவிட்டாலும் முதலாமவர் முடியும்வரை காத்திருந்துதான் வெளியே போக வேண்டும். என் மூன்றாம் வடிவத்தில் இல்லாதது அந்த இரண்டாவது வரிசைதான். அதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

2021இல் லினக்ஸ் 5.12 இன்னொரு வேடிக்கை செய்தது: நேப்பியையே கர்னல் த்ரெட்டில் ஓட்டலாம் என்று ஒரு வசதி. சாஃப்ட்ஐஆர்க்யூவில் மறைந்து ஓடும்போது அந்த நேரம் யார் கணக்கில் போகிறது என்று ஷெட்யூலருக்குத் தெரியாது; த்ரெட்டாக இருந்தால் பெயரோடு பட்டியலில் தெரியும், முன்னுரிமை கொடுக்கலாம், விரும்பிய கோரில் கட்டலாம். இதில் ஒரு பாக்கெட்கூட கைமாறவில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பந்தி முழுவதையும் அப்படியே த்ரெட்டுக்குள் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

கர்னலே வேண்டாம் என்று ஒதுங்கிய வழிகளும் உண்டு. பீசாவில் லூயிஜி ரிட்சோ எழுதிய நெட்மேப், 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றைக் கோரில் முழு 1 கோடியே 48 லட்சத்தையும் அனுப்பிக் காட்டியது. இன்டெலில் பிறந்த டிபிடிகே, கோரையே முழுதாக எடுத்துக்கொண்டு, தூங்காமல் கார்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். 2016இல் வந்த எக்ஸ்டிபி, பாக்கெட்டுக்கு கர்னல் இன்னும் உறைகூடப் போடாத நிலையில், டிரைவரின் மடியிலேயே முடிவெடுக்கச் சொல்கிறது. இந்த வழிகளுக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும், கொத்தாக அள்ளுவதிலும், பாக்கெட்டுக்கு ஒரு முறை நினைவகம் ஒதுக்காமல் இருப்பதிலும், கோர்களுக்கு நடுவே எதையும் பகிராமல் இருப்பதிலும் எல்லோருக்கும் ஒரே மதம்தான்.

அந்தப் பெட்டி அதிகம் விற்கவில்லை. வேகம் அதற்குக் காரணமில்லை, ஆனால் அது வேறு கதை.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு இடத்தில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஓர் இளைஞர் தன் முதல் கர்னல் த்ரெட்டை எழுதி என்னிடம் பார்க்கக் கொடுத்தார். வரிசையைப் பார்த்துவிட்டு, பிறகு நிலையை மாற்றி, பிறகு தூங்கும் த்ரெட். எல்லாச் சோதனையும் தேறிவிட்டது என்றார். நான் எதையும் விளக்கவில்லை. ‘தூங்கப் போகிறேன்’ என்று அச்சிடும் ஒரு வரியை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று விரலால் காட்டினேன். சீரியல் கன்சோலை இணைத்துக்கொண்டு பிங் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்து மேசை ஓரமாக நின்றார்.

“அண்ணா, 1000 காட்டுகிறது.”